பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சதுரம்

நேற்று மத்தியானம் நம் வாட்ஸாப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. போட்டவருக்குத் தெரியும். நாமெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். காலையில் மூட்டுவலிக்குத் தைலம், குளித்தபின் முருகன் படம், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் யுத்தம் என்று நம் பொழுது நன்றாகவே போகிறது. யாரோ யாரையோ அடித்தார்கள், அடிபட்டவர்கள் திருப்பி அடித்தார்கள். எந்த நாடு என்பது இங்கே முக்கியமில்லை. மேலே பறக்கிற ஏதோ ஒன்றிலிருந்து எடுத்த படம் அது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பிறகு பொங்கிவரும் புகை. அதற்குக் கீழே நம்மவர்கள் வரிசையாகக் கைதட்டும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். "சரியான பதிலடி" என்று ஒருவர். "இன்னும் நாலு போடணும்" என்று, கொசு அடிக்கவே பாவம் பார்க்கிற ஒரு மாமி.

நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வட்டத்துக்கு வெளியே, அந்தக் கட்டடத்தை ஒட்டினாற்போல் ஒரு சின்ன வீடு இருக்கிறது. அதன் மாடியில் ஒரு கொடி, கொடியில் காயும் துணி. புகை வந்து அதையும் மூடிவிடுகிறது. காபி ஆறி ஆடை படிந்துவிட்டது, எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அதிர்ச்சி என்பதெல்லாம் இனிமேல் டாக்டர் வாயால் கேட்கவேண்டிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். வீடியோவை முழுசாகப் பார்த்தவர்கள்தானே நீங்கள்.

எழுபத்தொன்றாம் வருஷத்துக் குளிர்காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்காளத்தில், ராணுவம் ஊர் ஊராகப் புகுந்து அட்டூழியம் செய்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நம் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார்கள். குளிர் ஆரம்பித்ததும் நம் தேசமும் யுத்தத்தில் இறங்கியது. எனக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயது.

டாக்குரியாவில் ரயில் பாதைக்கு அருகே ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள், வங்காளித் தம்பதி. அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தார். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு வந்ததும் ஆபீசிலிருந்து ஒரு கட்டு பழுப்புக் காகிதம் கொண்டுவந்தார். அம்மா சோற்றுக் கஞ்சியால் அதை ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டினாள். கஞ்சிக்கு ஆசைப்பட்டுக் கரப்பான்பூச்சி வந்து காகிதத்தைக் கடித்து ஓட்டை போட்டது. "எதிரி ஏரோப்ளேனை விட்டாலும் விடலாம், இந்தக் கரப்பானை விடப்படாது" என்று அப்பா செருப்போடு அலைவார். தெருவில் கார்களின் முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்பு மை. சாயங்காலமானால் வீடு வீடாக மூட்டுகிற கரி அடுப்புப் புகை பனியோடு கலந்து சந்து முழுக்க அடைத்துக்கொள்ளும். அந்தப் புகைக்குள் சங்கு ஊதினால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

கீழ்வீட்டு மாமாவின் தங்கை மகள் மழைக்காலத்திலேயே வந்துவிட்டாள். என் வயசுதான். வங்காளியிலும் மாமா மாமாதான், மாமி மாமிதான் என்று தெரிந்ததில் எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு குஷி. அவள் அப்பாவை ராணுவம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. போனவர் திரும்பவில்லை. அவள் அம்மா அந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் டீச்சர். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு வர முடியாமல், எல்லை தாண்டிய அண்டைவீட்டாரோடு மகளை மட்டும் அனுப்பிவைத்திருந்தாள். "சண்டை முடிஞ்சதும் அம்மா வருவா" என்று என் தோழி தினமும் சொல்வாள். பல் விளக்கும்போதுகூட, வாயில் நுரையோடு, திடீரென்று ஞாபகம் வந்தாற்போலச் சொல்வாள்.

அவளுக்கு எங்கள் வீட்டில் மிகவும் பிடித்தது அம்மா போடும் கோலம். அவர்கள் ஊரில் அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவில் துணியை நனைத்து விரலால் ஆல்பனா வரைவார்கள். காய்ந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அம்மாவோ உலர்ந்த பொடியை விரலிடுக்கில் விட்டு இழை இழுப்பாள். "மாஷிமா, இது காத்துல போயிடுமே" என்று அவள் அலறுவாள். "போனா போகட்டும், நாளைக்கு வேற போட்டாப் போச்சு" என்பாள் அம்மா. மாஷிமா என்றால் அவர்களுக்குப் பெரியம்மா, சித்தி எல்லாம். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. இருவருக்கும் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்தாளா, அதிகாரம் பண்ணினாளா என்பது வேறு விஷயம். கோலம் என்றால் இழை மூடியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று இருந்தால் அந்தப் பக்கமும் ஒன்று இருக்க வேண்டும். ஓரத்தில் தனியாக எதுவும் தொங்கக்கூடாது, அதிலும் வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. இடுப்பில் எப்போதும் ஒரு ஈரத்துணி செருகியிருப்பாள். நாங்கள் எங்கே பிசகினாலும் அந்தத் துணி வந்து ஒரே இழுப்பில் துடைத்துவிடும்.

பட்டாள மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஏதோ ஒன்றுவிட்ட உறவு. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தார். அவர் மோட்டார் சைக்கிள் சந்து முனையில் திரும்பும்போதே அம்மா முதல் டிகாக்ஷனை எடுத்துத் தனியாக வைத்துவிடுவாள். மற்றவர்களுக்கெல்லாம் இரண்டாவதுதான். காக்கி உடுப்பு, முறுக்கிய மீசை, சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. எங்கள் பேட்டையே அவரை எட்டிப் பார்க்கும். பட்டாளத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் உதட்டில் விரலை வைத்து, "அதெல்லாம் கேக்கப்படாது, நானும் சொல்லப்படாது" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அப்பா மார்பு விரிந்து நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். உங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று தோழியைக் கேட்டேன். அவளுக்குச் சொல்ல வரவில்லை. கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வளைந்து வளைந்து நதி. அதன் கரையில் படகுத்துறை, சணல் கிடங்கு. கிடங்கிலிருந்து நேராக ஒரு பாதை, பாதை முடியுமிடத்தில் நீளமாகப் பள்ளிக்கூடம். "இதுலதான் இப்போ பட்டாளம் இருக்கு. எங்க வகுப்புல துப்பாக்கி அடுக்கியிருக்காங்களாம்" என்றாள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி, ஓரமாக, ஒரு சின்னச் சதுரம் வரைந்தாள். அதன்மேல் ஒரு கோடு, கோட்டில் சின்னச் சின்னதாக ஏதோ தொங்கின.

"இது என்ன?"

"எங்க வீடு. கொடியில அம்மா புடவை. நீலம். நீலப் பொடி இல்லையே, அதனால வெள்ளை."

அப்போது கீழ்வீட்டு மாமி குரல் கொடுத்தாள். புது ஈச்சவெல்லம் வந்திருந்தது. அதைப் பாலில் காய்ச்சினால் வருகிற வாசனை மாடி வரைக்கும் ஏறிவரும். இரண்டு பேரும் ஓடினோம். கிண்ணத்தை வழித்து விரலையும் நக்கிவிட்டு மேலே வந்தபோது பட்டாள மாமா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோழியின் தலையைத் தட்டி, "வெரி குட், வெரி குட்" என்றார். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. மேலே அம்மா வாளித் தண்ணீரை ஊற்றி மாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் காலோடு கோலத்தை மிதித்துவிட்டாராம். நதி, கிடங்கு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே வெள்ளைத் தண்ணீராகிக் குழாய் வழியே போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா பட்டாள மாமா வந்துபோனதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

"பொண்ணு போட்ட ஊர்ப் படத்தை அப்படியே சிகரெட் அட்டையில வரைஞ்சுண்டார் தெரியுமோ? துறை எங்க, கிடங்கு எங்க, எல்லாம் கேட்டார். பக்கத்துல ஜனங்க யாராவது இருக்காளான்னார். எல்லாரும்தான் ஓடி இங்க வந்துட்டாளே சார், அங்க யார் இருக்கப்போறான்னு சொன்னேன்."

"அவ அம்மா இருக்காளே" என்றேன் நான்.

"ஊர் பூராவும் பத்திப் பேசறேன். ஒருத்தியைப் பத்தியா பேசறேன்? நீ சாப்பிடு."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதான் அவா வீடு. சின்னதா போட்டிருந்தாளே, சதுரமா."

அம்மா ரசக் கரண்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். ரசம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. பெருங்காயம் போட மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். மறுநாள் காலை அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை பின்னாலேயே போனாள். "அவர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கோளேன். அங்க ஒரு வீடு இருக்குன்னு." அப்பா சிரித்துவிட்டார். "கோலத்துல ஒரு இழை விட்டுப்போச்சுன்னு பட்டாளத்துக்குத் தந்தி அடிக்கச் சொல்றியா? சிரிக்கப்போறா." அம்மாவுக்கு இப்படி ஏன் ஒரு கவலை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் கூடத்தில்தான் சந்திலேயே பெரிய ரேடியோ. செய்தி நேரத்துக்குக் கீழ்வீட்டார், எதிர்வீட்டார் எல்லாரும் வந்து பாயில் உட்கார்ந்துகொள்வார்கள். கரப்பான் கடித்த ஓட்டைகளுக்குத் துணியை அடைத்து, ஒரே ஒரு சின்ன பல்பு. ரேடியோ சூடேறும்வரை எல்லாருக்கும் மூச்சே வராது. விமானங்கள் போய் எதையாவது அடித்தன என்று வந்தால் அப்பா தொடையில் தட்டுவார், விக்கெட் விழுந்த மாதிரி. "அவா பண்ணின அக்கிரமத்துக்கு இது போறாது" என்பார். அதில் பொய் இல்லை. அவர்கள் செய்த அக்கிரமத்துக்கு எங்கள் கூடத்திலேயே சாட்சி உட்கார்ந்திருந்தது, இரட்டைப் பின்னலோடு.

யுத்தம் மும்முரமாக இருந்த ஒரு சாயங்காலம் அந்த ஊர்ப் பெயர் வந்தது. நதிக்கரையில் எதிரிகள் முகாமாக வைத்திருந்த கட்டடத்தை நம் விமானங்கள் தரைமட்டமாக்கிவிட்டன என்று சொன்னார்கள். கூடமே எழுந்து நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் விசில் அடித்தார். அப்பா என் தோழியைத் தூக்கிச் சுற்றி, "உன் படம்டீ! உன் படம்!" என்றார். அவளும் கைதட்டினாள். அதை நான் சொல்லியாக வேண்டும். எல்லாரையும்விடச் சத்தமாக, பல்லெல்லாம் தெரிய, அவள்தான் கைதட்டினாள். அவள் அப்பாவைப் பிடித்துப்போனவர்கள்மேல் அல்லவா குண்டு விழுந்திருக்கிறது.

பிறகு கைகள் நின்றுவிட்டன. ஒன்றை ஒன்று தொடாமல், நடுவில் கொஞ்சம் இடைவெளியோடு, அப்படியே காற்றில் நின்றன. அவள் என்னைப் பார்த்தாள். "பின்சுவர்?" என்றாள். கீழ்வீட்டு மாமாவின் முகம் வெளிறியதை அந்தச் சின்ன பல்பு வெளிச்சத்திலும் பார்த்தேன். மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அம்மா வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுக்க வேண்டியிருந்தது, அப்பா சொல்லிவிட்டார். கொடுத்தாள். என் தோழிக்கு மட்டும் கொடுக்க அவளால் முடியவில்லை. தட்டோடு அவள்முன் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

யுத்தம் சீக்கிரமே முடிந்தது. நாம் ஜெயித்தோம். லேக் பக்கம் பட்டாசு வெடித்தார்கள். ஜன்னல் காகிதத்தையெல்லாம் கிழித்தோம், வெயில் உள்ளே வந்தது. பாதை திறந்ததும் கீழ்வீட்டு மாமா அந்த ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப் போனவருக்கு நான் இருந்ததே தெரியவில்லை. மாமி தண்ணீர் கொண்டுவந்தாள், அவர் வாங்கவில்லை. கைக்குட்டையை விரித்தார். உள்ளே பாதி வளையல் இருந்தது. கல்யாணமான வங்காளிப் பெண்கள் போட்டுக்கொள்ளும் சங்கு வளையல், ஷாங்கா. புருஷன் போனான் என்று யாரும் உறுதியாகச் சொல்லாததால் தோழியின் அம்மா அதைக் கழற்றவேயில்லையாம். பள்ளிக்கூடம் பாதிதான் இடிந்திருந்தது, பின்பாதி. எதிரிப் பட்டாளம் குண்டு விழுவதற்கு முந்தின நாளே அங்கிருந்து நகர்ந்துவிட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்களாம்.

என் தோழி அழுததை நான் பார்க்கவில்லை. அழவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பல் விளக்கும்போது சொல்லிக்கொண்டிருந்த அந்த வாக்கியம் மட்டும் நின்றுவிட்டது.

சில நாள் கழித்துப் பட்டாள மாமா ஒரு பானை ரசகுல்லாவோடு வந்தார். ஜெயித்த சந்தோஷம். விஷயம் அவருக்குத் தெரியாது. மாடியில் வெயிலில் நாற்காலி போட்டிருந்தது. அப்பா, கீழ்வீட்டு மாமா, மாமி எல்லாரும் அங்கே இருந்தார்கள். மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். என் தோழி மேலே வந்தாள். அம்மாவிடம் போய், "மாஷிமா, பொடி டப்பா" என்றாள். அம்மா கொடுத்தாள்.

பெரியவர்களின் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் வரைய ஆரம்பித்தாள். நதி, துறை, கிடங்கு, பாதை, பள்ளிக்கூடம். எல்லாம் முன்போலவே. அவள் பொடியை விடும் சத்தம்கூடக் கேட்டது. கடைசியில் பின்சுவரை ஒட்டி அந்தச் சதுரம். அதன்மேல் கொடி. கொடியில் துணி. எழுந்து பட்டாள மாமாவைப் பார்த்தாள்.

மாமா குனிந்து பார்த்தார். ரசகுல்லாவை மென்றுகொண்டே, "இது அன்னிக்கு இல்லையே" என்றார்.

கீழ்வீட்டு மாமா, அது என் தங்கை வீடு, அவள் உள்ளே இருந்தாள் என்று சொன்னார். வங்காளியில் சொன்னார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"இருந்தது" என்றாள் அம்மா. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். "இருந்தது. நான்தான் துடைச்சேன். வெள்ளிக்கிழமை, கோலத்துல ஓரமா தனியா தொங்கிண்டிருக்கேன்னு ஈரத்துணியால துடைச்சுட்டேன். அப்பறம்தான் நீங்க மேல வந்தேள்."

"உளறாதே, உள்ள போ" என்றார் அப்பா. "துடைச்சா என்ன இப்போ? துடைக்காட்டா மட்டும்..."

என் தோழிக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் அம்மாவின் இடுப்பில் இருந்த துணியைப் பார்த்தாள், சதுரத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். பட்டாள மாமாவிடம் வங்காளியில் ஒரு கேள்வி கேட்டாள். அவருக்கும் வங்காளி தெரியும், இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறாரே. நான் அதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

"இந்தச் சதுரம் இருந்திருந்தா, குண்டு போட்டிருக்க மாட்டாங்களா?"

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு அந்த மாடியில் இரண்டு பதில்தான் இருந்தன. போட்டிருப்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். முகாமை ஒட்டி ஒரு வீடு இருப்பது தெரிந்தாலும் யுத்தத்தில் போடத்தான் செய்வார்கள் என்று சொல்லியிருந்தால், அந்தப் பழி அம்மாவின் துணியை விட்டு இறங்கியிருக்கும். போட்டிருக்க மாட்டார்கள் என்றால், நம் விமானங்களுக்கு ஒரு குறையும் வராது, பழி முழுக்க அம்மா தலையில். மாமா காக்கிச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். என் அம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

"போட்டிருக்கவே மாட்டா" என்றார். "தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டோம். நம்ம பட்டாளம் அப்படிப்பட்டது இல்லை."

அப்பா மூச்சு விட்டார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ வணக்கம் சொன்னார்கள், பட்டாள மாமா பதிலுக்குக் கை உயர்த்தினார். என் தோழி படத்தின்மேல் கால் படாமல், ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் படிக்குப் போய் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என் அம்மாவை மாஷிமா என்று கூப்பிடவில்லை. வெறுப்பாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு வடக்கே எங்கோ போனார்கள். அவளைப் பற்றி அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

பட்டாள மாமா வந்துபோன மறுநாளிலிருந்து வாசலில் கோலம் போடுவது என் வேலையாயிற்று. கையில் வாயுப் பிடிப்பு என்றாள் அம்மா. அந்தக் கை மாவு பிசைந்தது, துணி துவைத்தது, எனக்குத் தலை பின்னிவிட்டது, பொடியை மட்டும் தொடவில்லை. நான் இழையைத் திறந்து விட்டாலும், கோணலாகப் போட்டாலும், ஓரத்தில் எதையாவது தொங்கவிட்டாலும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் கட்டில் பக்கத்து மேஜையைத் துடைக்க வந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "துடைக்காதேம்மா. அங்க ஆள் இருக்கா" என்றாள். அந்தப் பெண் வங்காளி, என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா போய்ச் சில வருஷம் கழித்து லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் பட்டாள மாமாவின் பிள்ளையைப் பார்த்தேன். பேச்சு வாக்கில், உங்கப்பா பட்டாளத்தில் என்னவாக இருந்தார் என்று கேட்டேன். அவன் சிரித்தான். "ரேஷன்தான் அக்கா. அரிசி, பருப்பு, கம்பளி, பூட்ஸ். அதை வெளியில சொன்னா யாரும் சல்யூட் அடிக்க மாட்டாளோன்னோ, அதான் வாயே திறக்க மாட்டார். பார்க்கறதையெல்லாம் சிகரெட் அட்டையில வரைஞ்சுண்டு வருவார், எனக்கு விளையாட." சாம்பார் வாளி வந்தது, வேண்டாம் என்று கையால் மறித்தேன். அந்த அட்டை எங்கேயும் போகவில்லை. அந்த ஊரில் முகாம் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் எங்கள் மாடிக் கோலம் வேண்டியிருக்கவில்லை. இதை அவர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பருப்பு அளக்கிறவன் மாமி, உங்கள் துணிக்கும் அந்தக் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று. சல்யூட் போய்விடும் என்று, ஒரு பெண்பிள்ளை தலையில் ஒரு சாவைத் தூக்கி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

அந்த யுத்தம் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் தோழியின் அப்பாவைக் கொண்டுபோனவர்களை யாராவது தடுத்தாக வேண்டும். தடுக்கப் போனவர்கள்தான் அவள் அம்மாவையும் கொன்றார்கள். இரண்டும் நிஜம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். பட்டாள மாமா சொன்னதில் ஒரு பாதியையாவது நான் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். தெரிந்திருந்தால் போட மாட்டார்கள், தெரியாமல்தான் நடக்கிறது என்று. நேற்று மத்தியானம்வரை நம்பினேன். தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள். இந்தப் படத்தில் யாரும் எதையும் துடைக்கவில்லை. சதுரம் அங்கேயே இருக்கிறது. கொடியும் இருக்கிறது, கொடியில் துணி ஆடுவதுகூடத் தெரிகிறது. வட்டம் போட்டவனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் போட்டார்கள்.

அம்மா மட்டும் இருந்திருந்தால் நீங்கள் கைதட்டிய அந்த வீடியோவை அவளுக்குக் காட்டியிருப்பேன். பார்த்துக்கோ அம்மா, உன் துணியால் ஒன்றும் ஆகவில்லை என்று.